பதின்மூன்று வாங்கிய மனம்

பிப்ரவரி 9, திங்கள்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். சார் மேஜையிலிருந்து மாதிரித் தேர்வுகளின் விடைத்தாளை எடுக்கும்போது, பக்கத்தில் இருந்த அவருடைய டீ டம்ளரில் முழங்கை பட்டுவிட்டது. டீ முழுவதும் விடைத்தாளின் தலையில் கொட்டிவிட்டது. தலைப்பு கரைந்து பழுப்பு மேகம் மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, விடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

டைரியில் இதை எழுதி அடிக்கோடும் போட்டவளைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டில் அக்கா வைத்த பெயர். அவள் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கு வரைக்கும் அது கூடவே போய் ஒட்டிக்கொண்டது. தவறு செய்தால் அன்றைக்கே எழுதிவிடுவாள். தவறு எதுவும் நடக்காத நாளில், 'இன்று தவறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாளை யோசித்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதுவாள்.

கிடங்கில் அவளுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரியில் வேலை. பட்டாணி மூட்டை, மீன் பெட்டி, ஐஸ்கிரீம் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எண்ணி, சீட்டு ஒட்டி, அடுக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் அவளுடைய விரல் நுனிகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே பருவம்தான்.

குளிரறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதில் மேற்பார்வையாளரின் நாற்காலி. மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து அந்த நாற்காலியில் உட்காரும். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து வெயில் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. அப்பேர்ப்பட்ட வெயில் யாருக்கும் உதவாமல் வீணாவதைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த நாற்காலிக்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. கிடங்கிலிருந்து இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒருத்தி சின்னவள். இன்னொருத்தி, குளிரறைக்கு வெளியே வந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றாததால் ஜாக்கெட் என்றே பெயர் வாங்கிவிட்ட மூத்த ஊழியர். யாருக்கு மார்க் அதிகமோ அவருக்கு நாற்காலி என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சின்னவள் ஏற்கெனவே ஒரு முறை எழுதி, இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள். கடைசி நிமிஷங்களில் சந்தேகம் வந்து ஆறு விடைகளை மாற்றினாள். ஆறுமே முதலில் சரியாக இருந்தவை. இந்த முறையும் தவறினால், அடுத்த வாய்ப்பு மூன்று வருஷம் கழித்துத்தான்.

அதனால்தான் மாலை வகுப்பு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஊரிலுள்ள பல குளிர்பதனக் கிடங்குகளின் ஆட்கள். அந்தப் பக்கம் நீச்சல் குளக் காவலர் தேர்வுக்குப் படிப்பவர்கள். இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே சார். இந்த அறையில் ஆரம்பித்த வாக்கியத்தை அந்த அறையில் போய் முடிப்பார். உறைநிலையில் தொடங்கிய பாடம் சில நாள் முதலுதவியில் போய் நிற்கும். யாரும் கேட்பதில்லை. இரண்டு அறைக்கும் சேர்த்துப் படித்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அவர் அந்த அறைக்குப் போகிற அவசரத்தில், தலையை மட்டும் திருப்பிச் சொன்னார். "மேஜை மேல விடைத்தாள் இருக்கும்மா, எடுத்துக்கோ. நீதான் பத்திரமா வச்சிருப்பே. மத்தவங்க உன்கிட்ட கேட்டு மார்க் போட்டுக்கட்டும்."

பத்திரமாக வைத்திருப்பாள் என்று நம்பிக் கொடுத்த தாளில், கொடுத்த நிமிஷமே டீ.

வீட்டுக்குக் கொண்டுபோய் அதை அக்காவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். தாள் அப்பளம்போல் நெளிந்ததே தவிர கறை போகவில்லை. நீல நிறத் தாள். வெள்ளை வினாத்தாள்களோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் விடையை நீலத்தில் அச்சடித்திருக்கிறார் என்று சாரின் முன்யோசனையை மெச்சிக்கொண்டாள். பிறகு பத்து மாதிரித் தேர்வுகளுக்கான அ, ஆ, இ, ஈ எல்லாவற்றையும் ஒரு புதுத் தாளில் அழகாகப் பார்த்து எழுதினாள். மூலத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் செருகினாள். சாரிடம் உண்மையைச் சொல்லும்வரை அது யார் கண்ணிலும் படக் கூடாது.

மறுநாள் சொல்லத்தான் போனாள். சார் வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அதற்கு மறுநாளும் நடுவில்தான் இருந்தார். முடிவு எப்போதும் அடுத்த அறையில்தான் நடந்தது.

முதல் மாதிரித் தேர்வை எழுதித் திருத்தினாள். ஐம்பதுக்குப் பதின்மூன்று.

இன்னொரு முறை கூட்டினாள். பதின்மூன்றேதான். வகுப்பில் மற்றவர்களுக்கும் அவள்தான் திருத்திக் கொடுத்தாள். பதினொன்று, பதினான்கு, பன்னிரண்டு. ஜாக்கெட்டுக்கு ஒன்பது. சார் மார்க்குகளைக் கேட்டுவிட்டு, சாக்பீஸைக் கையில் உருட்டியபடி நின்றார். வகுப்பு நடத்திய இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

பயிற்சி போதவில்லை என்று சின்னவள் முடிவு செய்தாள். அன்றிலிருந்து மாதிரித் தேர்வுகளை அள்ளி அள்ளிப் போட்டாள். பஸ்ஸில் ஒன்று, மதிய இடைவேளையில் ஒன்று, அடுப்பில் சோறு வேகும்போது ஒன்று. பத்துத் தாளும் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒன்றை முடித்து மார்க்கைப் போட்டுவிட்டு, மூச்சுவிடாமல் அடுத்ததைத் திறந்துவிடுவாள். எந்தக் கேள்வி தப்பானது என்று நின்று பார்க்க ஏது நேரம்? பதினொன்று. பதினான்கு. பன்னிரண்டு. மறுபடி பதின்மூன்று.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். பரீட்சை எழுதுகிறவர்களை நிறையப் பார்த்தவள். குழம்பைக் கிளறியபடி தங்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ படிக்கிறியா, துணி துவைக்கிறியா? எடுக்கிறே, அலசுறே, பிழியுறே, அடுத்ததை எடுக்கிறே."

"பயிற்சி பண்றேன்க்கா."

"அழுக்குப் போச்சான்னு பார்த்தியா?"

அந்த வாரம்தான் அடுத்த அறையில் ஒரு கலவரம். நீச்சல் குளக்காரர்களின் விடைத்தாளைக் காணவில்லை. சார் தன் மேஜையை இரண்டு முறை கவிழ்க்காத குறையாகத் தேடினார். பிறகு இந்தப் பக்கமும் வந்து எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார். எல்லோரும் பெஞ்சுகளைத் தூக்கிப் பார்த்தார்கள். சின்னவளும் தன் கையிலிருந்த விடைகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினாள். ஒரு பழைய சீப்பு கிடைத்தது.

தேடலில் அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவரை இரண்டு அறையிலும் குளம் என்று கூப்பிடுவார்கள். பொது நீச்சல் குளத்தில் வேலை. எப்போது பார்த்தாலும் தலை ஈரமாகவே இருக்கும். ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் மெல்லியது.

"விடைத்தாள் இல்லாம எப்படிண்ணே படிப்பீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"சண்டை போட்டுத்தாம்மா. ஆளுக்கு ஒரு விடை சொல்றோம். ஏன்னு கேக்கறோம். ஒத்துக்கிற வரைக்கும் விடறதில்லை. நேத்து ஒரே கேள்விதான் முடிஞ்சுது. அதுக்கே ரெண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கிட்டாங்க."

சின்னவளுக்குப் பாவமாக இருந்தது. அச்சடித்த விடை கையில் இருக்கிற தானே பதின்மூன்று வாங்கும்போது, விடையே இல்லாத இந்த மனிதர்கள் என்ன ஆவார்கள்?

மார்க் பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் சார் அவளை வாசலில் நிறுத்தினார். இத்தனை தாள் போட்டும் ஏன் ஏறவில்லை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவரே சொன்னார்.

"போடுறது பெரிசில்லைம்மா. போட்டதைப் பார்க்கிறதுதான் பெரிசு. ஒரே ஒரு தாளை எடுத்துக்கோ. ஒவ்வொரு தப்பையும் எடுத்து வச்சுக்கிட்டு, இது ஏன் தப்புன்னு உனக்கே புரியிற வரைக்கும் உக்காரு. அதுக்கு அப்புறம்…"

மீதியை அடுத்த அறையில் சொன்னார். முக்கியமானது கிடைத்துவிட்டதால் சின்னவள் காத்திருக்கவில்லை.

அன்று மாலை மேஜையைத் துடைத்து, முதல் மாதிரித்தாளை எடுத்துப் போட்டாள். நான்காவது கேள்வி. இளகிய நிலையில் ஐஸ்கிரீம் வந்து இறங்கினால் என்ன செய்ய வேண்டும்? திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். விடை, வாங்கி உடனே உறையவைக்க வேண்டும் என்றது.

ஏன் தப்பு? ரொம்ப நேரம் உட்கார்ந்தாள். திருப்பி அனுப்பினால் வழியில் இன்னும் இளகும் அல்லவா? நாம் நம்முடைய பக்கத்திலிருந்தே யோசிக்கிறோம், ஐஸ்கிரீமின் பக்கத்திலிருந்து யோசிப்பதில்லை. அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒன்பதாவது கேள்வி. குளிரறைக் கதவு மாட்டிக்கொண்டு உள்ளே ஒருவர் இருக்கிறார். வெளியே இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது? அவசரப் பிடியை இழுத்துத் திறப்பது என்று அவள் எழுதியிருந்தாள். விடை, வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது. இதற்குக் காரணம் பிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. கதவைத் திறந்தால் குளிர் வெளியே போகும். எவ்வளவு இருந்தது என்று முன்னாலேயே தெரிந்தால்தானே எவ்வளவு போனது என்று பின்னால் தெரியும்? முதலில் குறிப்பு, பிறகு மனிதன்.

எச்சரிக்கை மணி அடித்தால் மணியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர வேண்டும். சத்தத்தில் யாருக்கும் யோசனை ஓடாது என்பதால். பச்சை மீனை மேல் தட்டிலும் பாலைக் கீழ்த் தட்டிலும் வைக்க வேண்டும். மீன் கண் மட்டத்தில் இருந்தால்தான் மறந்துபோகாது என்பதால்.

ஒவ்வொரு காரணமும் கிடைத்தபோது சின்னவளுக்கு ஒரு சின்னப் புல்லரிப்பு உண்டானது. ஆழ்ந்து பார்ப்பது என்றால் இதுதானா என்று வியந்தாள். ஆனாலும் அன்றைய டைரியில் இப்படி எழுதினாள்: 'சில விடைகளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் இது பதின்மூன்று வாங்கிய மனம். இதன் பேச்சைக் கேட்கக் கூடாது.'

புரிந்ததை வேலையில் செய்து பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று அடுத்து அவளுக்குத் தோன்றியது. தொல்லை அங்கேதான் சூடு பிடித்தது.

ஐஸ்கிரீம் லாரி வந்தது. ஓட்டுநரே தயங்கித் தயங்கி இறங்கினார். வழியில் மெஷின் நின்றுவிட்டதாம், சரக்கு இளகியிருக்கிறதாம், எப்படியும் திருப்பி எடுத்துப் போகத்தானே சொல்வீர்கள் என்றார்.

"வேண்டாம்ணே. உள்ள இறக்குங்க."

"நெஜமாவா?"

"திருப்பி அனுப்பினா இன்னும் இளகும். ஐஸ்கிரீம் பக்கத்துல இருந்தும் யோசிக்கணும்."

இப்படி ஒரு நல்ல உள்ளத்தை எந்தக் கிடங்கிலும் பார்த்ததில்லை என்று ஓட்டுநர் உருகிப்போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இளகிய பெட்டிகள் சாய்ந்த வாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, அப்படியே உறைந்துபோயின. மறுநாள் கடைக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்க முடியவில்லை. இரண்டு ஆட்கள் கடப்பாறையோடு உள்ளே போனார்கள். வெனிலா மலைக்கும் ஸ்ட்ராபெரி மலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு உண்டாக்கியதுதான் மிச்சம்.

மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, முன்பெல்லாம் கிடங்கிலேயே நீதான் தவறே செய்யாத ஆள், படிக்க ஆரம்பித்த பிறகு என்ன ஆயிற்று என்று வருத்தமாகக் கேட்டார். இன்னும் ஆழமாகப் பார்க்கவில்லை, அதுதான் காரணம் என்று சின்னவளுக்குப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜாக்கெட் உள்ளே மீன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கதவின் தாழ் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சின்னவளின் கை தானாக அவசரப் பிடிக்குப் போனது. பாதி வழியில் அதைத் தடுத்து நிறுத்தினாள். சுவரிலிருந்த வெப்பநிலைக் காட்டியிடம் போனாள். பேனா எழுதவில்லை. இரண்டு முறை உதறி, எண்ணைக் குறித்துவிட்டு, பிறகு வந்து கதவைத் திறந்தாள்.

ஜாக்கெட் புருவத்தில் வெண்மை படிய வெளியே வந்தாள்.

"நான் கத்தினது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சுக்கா."

"அப்புறம்?"

"மைனஸ் பதினெட்டு புள்ளி நாலு இருந்துச்சு."

ஜாக்கெட் அவளை அடிக்கப் போகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். சின்னவள் பதற்றமில்லாமல், முதலில் குறிப்பு, பிறகு மனிதன் என்பதற்கான காரணத்தை எடுத்துச் சொன்னாள். ஜாக்கெட்டின் முகம் மெல்ல மாறியது.

"இது விடைத்தாள்ல இருக்கா?"

"இருக்குக்கா. ஒன்பதாவது கேள்வி. ஈ."

ஜாக்கெட் விறைத்த விரலால் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மேலாளர் இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை. தேர்வில் ஜாக்கெட்டைவிட ஒரு மார்க் குறைந்தாலும் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். கூடினாலும், தான் கொஞ்சம் யோசிப்பதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெயில் காலியான நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தது.

வேலையில் சோதித்துப் பார்ப்பது ஆபத்து என்று சின்னவள் சோதனையை வீட்டுக்கு மாற்றினாள். அக்காவுக்குத் தெரியாமல் ஃபிரிட்ஜை ஒழுங்குபடுத்தினாள். மேல் தட்டில் மீன், கீழ்த் தட்டில் பால். மறுநாள் காலை அக்காவின் கணவர் முதல் வாய் காபியை வாயிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு விழுங்கினார். அக்கா போடுவதை எதையும் துப்பாமல் விழுங்கிப் பழகியவர்.

"மீன்கூடப் பால் கொடுக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றார்.

அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் தங்கையைத் தேடி வந்தாள். "உன் கிடங்குல இப்படித்தான் அடுக்குவீங்களா?"

"இதுவரைக்கும் தப்பா அடுக்கிட்டிருந்தோம் மாமா," என்று சின்னவள் அக்காவை விட்டுவிட்டு மாமாவிடம் விளக்கப் போனாள். அவர் எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக் காபிக்குப் போய்விட்டார்.

இத்தனை அடி வாங்கியும் அவள் விடாமல் பார்த்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. மாதிரித் தேர்வுகளை மறுபடி எழுதினாள். முப்பத்தொன்று வந்தது. பிறகு முப்பத்தொன்பது. கடைசியில் ஒருநாள் நாற்பத்தெட்டு.

சார் கேட்டதும் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவளை முன்னால் கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் பார்த்தாள் என்று வகுப்புக்குச் சொல்லச் சொன்னார். சின்னவள் கூச்சத்தோடு தொடங்கினாள். ஐஸ்கிரீமின் பக்கத்திலிருந்து யோசிப்பது பற்றிச் சொன்னாள். மணியைப் பற்றிச் சொன்னாள். சார் நான்கு கேள்வியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஐந்தாவதுக்கு முன்னால் அடுத்த அறைக்குப் போய்விட்டார். விடைகள் எல்லாம் தாளில் இருப்பவைதானே, அவருக்கு என்ன கவலை? அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் விடையை அல்ல, அவள் குரலில் இருந்த உறுதியைத்தான்.

ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் நாற்பதைத் தாண்டியது. ஜாக்கெட்டுக்கு நாற்பத்தைந்து. இத்தனைக்கும் சின்னவள் அவளுக்கு எதையும் மறைக்கவில்லை. காரணங்களைச் சொல்லிக் கொடுத்ததோடு, தேர்வுக்கு முந்தைய நாள் போனை அணைத்துவிட்டுச் சீக்கிரம் தூங்கிவிட வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

"போட்டிக்கு நிக்கிறவகிட்ட எல்லாத்தையும் சொல்லித் தர்றியே, நீ என்ன ஆளு?" என்று ஜாக்கெட்டே கேட்டாள்.

"நான் சொல்றது சரியான்னு எனக்கே சந்தேகமா இருக்குக்கா. உங்ககிட்ட சொன்னா கொஞ்சம் தைரியமா இருக்கு."

அடுத்த அறையில் சண்டைச் சத்தம் ஓயவே இல்லை. மூழ்குகிறவரை முன்பக்கமாக நெருங்குவதா பின்பக்கமாக நெருங்குவதா என்று குளம் தன் மெல்லிய குரலில் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நாற்பதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

தேர்வுக்கு முதல் நாள். இந்தப் பக்கம் கடைசி வகுப்பும் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று. படித்ததெல்லாம் படித்தாயிற்று. சின்னவளின் நெஞ்சில் ஒரே ஒரு பாக்கி இருந்தது, அந்த டீக்கறை. தவறை மறைத்து வைத்துக்கொண்டு போய்த் தேர்வு எழுதினால் விளங்காது என்று பட்டது. பீரோவுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். கறையோடு நீட்டுவதைவிட, தலைப்பைச் சரிசெய்து மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வகுப்பு மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றாள்.

கடைக்காரர் நீலத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கீழே இருக்கிறது பளிச்சுன்னு இருக்கும்மா. மேலதான் ஒண்ணும் தெரியலை. என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க, அடிச்சுத் தர்றேன்."

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான், அந்தத் தலைப்பைத் தான் படிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. படிப்பதற்குள் டீ முந்திக்கொண்டது.

"எங்க தேர்வோட பேர்தாங்க இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா எப்படி? பார்த்தீங்களா, இல்லையா?"

அவள் கறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வரிசையில் நின்றவரின் ஈரத் தலை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. அவர் கையில் ஒரு கட்டு வினாத்தாள் இருந்தது. கட்டு முழுவதும் நீலம்.

"அட, இத்தனை நாளா பெஞ்சு பெஞ்சாத் தேடினோமே," என்றார் குளம். "எங்க விடைத்தாள் உங்ககிட்டதான் இருந்துச்சா?"

பிப்ரவரி 28, சனி.

சாரிடம் டீயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எங்களுடைய விடைத்தாள் வெள்ளை. சாரின் மேஜையிலேயே இருந்தது. இத்தனை நாளும் அதன் மேல்தான் டீ டம்ளரை வைத்திருக்கிறார், நீலத்தைத் தேடிய அன்றும். அதைக் கொண்டு, அன்று பதின்மூன்று வாங்கிய என் முதல் மாதிரித் தேர்வைத் திருத்தினேன். நாற்பத்தேழு. ஒவ்வொரு கேள்வியிலும் ஏன் தவறு என்று கேட்டேன். தவறுதானா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் போன் செய்து சொல்லியாயிற்று. ஜாக்கெட் அக்கா மட்டும் எடுக்கவில்லை. போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்.

நாளை: தேர்வு மைய வாசலில் முதல் ஆளாக நின்று, ஜாக்கெட் அக்கா உள்ளே போவதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்வது. பிறகு நானும் போய் முதலில் தோன்றியதை எழுதுவது. மாற்றாமல் எழுந்து வருவது.